ஒரு பட்டன் போதும்

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே அந்த முடிவை எடுத்துவிட்டேன். இனி என் கண் படுகிற இடத்தில் தேவையில்லாதது எதுவும் இருக்கக் கூடாது. முடிவு எடுத்த வேகத்தில் பற்பசை நுரை சட்டையில் சொட்டியது. பெரிய முடிவுகளை எடுக்கும்போது சின்னச் சேதங்கள் வரத்தான் செய்யும்.

நான் வெப்சைட் வடிவமைப்பவன். சும்மா வடிவமைப்பவன் இல்லை, எளிமைக் கட்சி. ஒரு பக்கத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். எனக்கு அதில் என்ன இருக்கக் கூடாது என்று தெரியும். பல் டாக்டர் ஒருவரின் பக்கத்தில் சிரிக்கும் பற்கள் எட்டு இருந்தன. ஒரே உட்காரலில் ஏழு பல்லைப் பிடுங்கினேன். "எனக்கே இவ்வளவு வேகம் வராது சார்" என்று டாக்டர் அசந்துபோனார். பதினோரு வருஷமாக இதுதான் என் தொழில். பிடுங்குவது.

என் முறை ரொம்பச் சுலபம். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றிடமும், படமோ பட்டனோ எழுத்தோ, "நீ எதுக்கு இங்க இருக்கே?" என்று கேட்பேன். திருப்தியான பதில் வராவிட்டால் வெளியே. இதே கேள்வியை வீட்டில் என் மனைவி தினமும் என்னிடம் கேட்கிறாள் என்பது வேறு விஷயம்.

அவளுக்குத் துணி திருத்தும் தொழில். நீளமான பேன்ட்டைக் குட்டையாக்குவாள், பழுதான ஜிப்பை மாற்றுவாள், பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பாள். உலகம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவளுக்கு வேலை உண்டு. கடை வேறெங்கும் இல்லை, எங்கள் வீட்டு முன் அறையேதான்.

அந்த முன் அறையில் ஒரு மேஜை இருக்கிறது. ஜன்னல் ஓரம், நல்ல வெளிச்சம், அகலமான பலகை. அது என் மேஜை. அதாவது, என் மேஜையாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "ரெண்டு நிமிஷம் வச்சுக்கறேங்க" என்று ஊசி குத்திவைக்கும் பஞ்சு ஒன்றை அதன் மூலையில் வைத்தாள். மறுநாள் கத்தரிக்கோல் வந்தது. அடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டி. மாதம் முடிவதற்குள் தையல் மெஷின் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை. நான் இப்போது சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், மடக்குப் பலகையில் வேலை செய்கிறேன். யார் ஃபிரிட்ஜைத் திறந்தாலும் கதவு என் முழங்கையில் இடிக்கும். எளிமையின் பெருமையை எழுதிக்கொண்டிருக்கும் மனிதனின் முழங்கையில் தயிர்ப் பாத்திரம் இருக்கும் கதவு இடிப்பது சரியா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த மேஜையை மீட்பதுதான் என் வாழ்க்கை லட்சியம். அதற்கு வழி வெப்சைட் மூலமாக வந்தது.

என் மனைவியின் கடைக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதை நான் செய்யவில்லை. அவள் தம்பி செய்தது. மைத்துனன் தொழிலால் பேருந்து ஓட்டுநர். ஒரு விடுமுறையில் பொழுது போகாமல் செய்து, அக்காவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒரு கத்தரிக்கோல் வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒரு நூல்கண்டு இடமிருந்து வலமாக உருண்டு ஓடும். அதன் பின்னாலேயே 'வாங்க வாங்க' என்று எழுத்துகள் ஓடும். ஏழு நிறம். சிவப்புக் கட்டம் போட்ட அறிவிப்புகள். கடை நேரம், வழி, விலை, வீட்டிலேயே அளவெடுப்பது எப்படி என்று படம், என்னென்ன செய்வோம், என்னென்ன செய்ய மாட்டோம் என்று இருபத்தெட்டு வரி. கடைசியில், 'தோல் பை ஜிப் மாற்றமாட்டோம், தயவுசெய்து கேட்காதீர்கள்' என்று மின்னி மின்னி அணையும்.

எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் மண் விழுந்த மாதிரி இருக்கும். எளிமைக் கட்சித் தலைவன் வீட்டிலேயே இப்படி ஒரு பக்கம்! நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். அதிலும் அடுத்த மாதம் வடிவமைப்பாளர் சங்கக் கூட்டத்தில் எளிமையைப் பற்றி நான் பேசப்போகிறேன்.

பல் தேய்த்த கையோடு முன் அறைக்குப் போனேன். மனைவி மெஷினில் இருந்தாள்.

"உன் வெப்சைட்டை மாத்தப் போறேன்."

"சட்டையில என்ன வெள்ளையா?"

"பேச்சை மாத்தாதே. அந்தப் பக்கத்துல தேவையில்லாதது நிறைய இருக்கு."

"எது தேவையில்லாதது?"

"எல்லாமே."

மெஷின் நின்றது. "என் தம்பி ராப்பகலா உக்காந்து செஞ்சது."

"தெரியுது. பஸ் மாதிரியே இருக்கு. உள்ள ஏறினா நிக்கக்கூட இடமில்லை."

"கூட்டம் இருக்கற பஸ்தான் ஒழுங்கா ஊர் போய்ச் சேரும். உங்க பஸ்ல டிரைவரே இருக்க மாட்டார்."

நான் பொறுமையாக விளக்கினேன். மனிதக் கண்ணுக்கு ஓய்வு வேண்டும். வெற்றிடம் என்பது வீணான இடம் இல்லை, மூச்சு விடுகிற இடம். ஒரு பக்கத்துக்கு ஒரே வேலை, ஒரே நிறம், ஒரே பட்டன்.

"ஒரே பட்டனா?"

"ஒரு பட்டன் போதும்."

"உங்க சட்டையில ஏழு பட்டன் இருக்கு. ஆறைப் பிச்சு எடுத்துடறேன். போட்டுக்கிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க, பாப்போம்."

தையல்காரியிடம் பட்டனைப் பற்றிப் பேசியது என் தப்பு. ஆனாலும் நான் விடவில்லை. பேசப் பேச அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனையைப் பார்த்த அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி. ஒரு மாசம் பாப்போம்" என்றாள். "ஆனா ரெண்டு கண்டிஷன். ஆர்டர் குறையக் கூடாது. எனக்கு ஒரு போன்கூட வரக் கூடாது. மெஷின்ல உக்காந்தா என்னால எழுந்து போன் எடுக்க முடியாது. அதுக்காகத்தான் அவன் எல்லாத்தையும் எழுதி வச்சான். ரெண்டும் சரியா நடந்தா நீங்க கேக்கறதைத் தரேன்."

"மேஜை."

"எந்த மேஜை?"

"இந்த மேஜை!"

அவள் மேஜையைத் தடவிப் பார்த்தாள். "சரி. தோத்தா?"

"ஃபிரிட்ஜ் பக்கமே என் வாழ்நாள் முழுக்க."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். துணிக்குக் குறி போடும் சுண்ணாம்புக் கட்டியால், ஒரு துண்டுத் துணியில். அதை மடித்து டப்பாவில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு பள்ளித்தோழி இருக்கிறாள், வேறு ஊரில். பெரிய கம்பெனி ஒன்றில், போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை அவளுக்கு. நான் அவளைப் பார்த்ததுமில்லை, அவளோடு பேசியதுமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் குக்கர் வாங்குவதிலிருந்து எனக்குக் கண்ணாடி மாற்றுவது வரை அவளைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. அன்று மதியமே மனைவி அவளோடு போனில் அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். எளிமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

நாலு நாளில் பக்கத்தைப் பிரித்துப் போட்டேன். கத்தரிக்கோலிடம் கேட்டேன்: நீ எதுக்கு? பதில் இல்லை. போ. நூல்கண்டே, நீ? உருண்டுகொண்டே வெளியே போனது. விலை? வந்து கேட்டுக்கொள்ளலாம். வழி? வாய் இருக்கிறது, விசாரிக்கலாம். கடை நேரம்? மனிதர்கள் விழித்திருக்கிற நேரம்தான். படங்கள் நாற்பத்திரண்டு, எல்லாம் அவுட். இருபத்தெட்டு வரியையும் ஒரே இழுப்பில் அழித்தபோது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கடைசியில் மிஞ்சியது வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம். நடுவில் 'துணி திருத்தம்' என்று இரண்டு சொல். அதன் கீழே, சாம்பல் நிறத்தில், வட்டமாக ஒரு பட்டன்: 'பேசுங்கள்.' அதை அழுத்தினால் நேராக போன் போகும்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னும் திறக்கலையே?" என்றாள்.

"திறந்தாச்சு. இதுதான்."

"இதுக்கா நாலு நாள்?"

"எழுதறதுக்கு ஒரு நாள் போதும். எழுதாம இருக்கறதுக்குத்தான் நாலு நாள்."

"அப்ப ரெண்டு வருஷமா நீங்க ஓட்டையை அடைக்காம வச்சிருக்கற பாத்ரூம் குழாயும் இந்தக் கலையிலதான் சேருமா?"

கலைஞன் இதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது. பக்கத்தை ஊருக்குத் திறந்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படுக்கப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது.

"துணி திருத்தமா?" என்றது ஒரு முரட்டுக் குரல்.

"இல்லீங்க, தப்பான நம்பர்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவசரமாகப் பக்கத்தைத் திறந்து பட்டனைப் பார்த்தேன். செய்துகொண்டிருந்தபோது, பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க, மனைவியின் நம்பருக்குப் பதிலாக என் நம்பரைப் போட்டிருந்தேன். மாற்ற மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்ததே ஒரு பட்டன். அதிலும் கோட்டை விட்டிருக்கிறேன்.

மாற்றுவதற்குக் கையை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது. மாற்றினால் என்ன ஆகும்? அந்த முரட்டுக் குரல் மனைவிக்கு அடிக்கும். 'எனக்கு ஒரு போன்கூட வரக் கூடாது.' முதல் நாளே பந்தயம் போச்சு. மேஜை போச்சு. ஃபிரிட்ஜ் கதவு வாழ்நாள் முழுக்க.

மாற்றவில்லை. எடுத்த கையால் அந்த முரட்டுக் குரலையே திருப்பி அழைத்தேன். "மன்னிக்கணும் சார், துணி திருத்தம்தான். சொல்லுங்க" என்றேன். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய சாமர்த்தியம்! போன் எனக்கு வரும். நான் பேசி, ஆர்டரைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கடைப் பட்டியலில் ஏற்றிவிடுவேன். மனைவிக்குப் பட்டியல் மட்டும்தான் தெரியும். ஆர்டரும் குறையாது, அவளுக்கு போனும் வராது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று ஒன்பது போன். மறுநாள் பதினாறு. முன்பெல்லாம் பக்கத்தைப் படித்துவிட்டு நேராகத் துணியோடு வந்தவர்கள், இப்போது படிக்க ஒன்றுமில்லாததால் ஒவ்வொருவராகப் பட்டனை அழுத்தினார்கள். எத்தனை மணிக்குத் திறப்பீங்க? எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்கணும்? கோட்டுக்கு உள்துணி மாத்துவீங்களா? நாளைக்கே கிடைக்குமா? எனக்கு என்ன தெரியும்? ஒவ்வொன்றையும் மனைவியிடம் நைசாகக் கறந்தேன்.

"ஏம்மா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஜீன்ஸ் பேன்ட்டை ரெண்டு அங்குலம் பெருசாக்க முடியுமா?"

"ஏன், இறுக்குதா?"

"பொது அறிவுக்குத்தான்."

"உள்ள துணி விட்டிருந்தா முடியும். இல்லேன்னா பக்கத்துல ஒட்டு போடணும். வேற என்ன பொது அறிவு வேணும்?"

"கோட்டுக்கு உள்துணி?"

"ஒரு வாரம் ஆகும்."

போன் பேசுவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே இடம் பின்பக்க பால்கனி. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே நிற்கலாம்.

"என்னங்க, அடிக்கடி பால்கனிக்கு ஓடறீங்க?"

"வெற்றிடத்தைப் பத்தி யோசிக்கறேன்."

"அங்கதான் வாஷிங் மெஷின் இருக்கே."

"அதைத் தாண்டி யோசிக்கறேன்."

"சரி சரி. யோசிச்சு முடிச்சதும் துணியை எடுத்துக் காயப் போடுங்க." யோசனைகள் பெருகியதால், அந்த மாதம் எங்கள் வீட்டில் எல்லாத் துணியையும் நானே காயப்போட்டேன்.

போன் செய்தவர்களில் ஒருத்திதான் என் உயிரை எடுத்தாள். தினமும் சரியாகப் பதினோரு மணிக்கு அழைப்பாள். தேன் ஒழுகுகிற குரல். முதல் நாள், வீட்டில் முப்பத்தாறு திரைச்சீலைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் நாலு விரல்கடை குறைக்கவேண்டும் என்றாள். இரண்டாம் நாள், குறைக்க வேண்டாம், கூட்டவேண்டும் என்றாள். மூன்றாம் நாள், "தோல் பைக்கு ஜிப் மாத்துவீங்களா?" என்றாள்.

"மாத்த மாட்டோம்மா."

"ஏன்?"

"அதுக்கு வேற ஊசி."

"வாங்க வேண்டியதுதானே?"

"எங்க மெஷின் தாங்காதுங்க."

"வேற மெஷின் வாங்க வேண்டியதுதானே?"

ஒன்பதாம் நாள் நான் கத்திவிட்டேன். "அம்மா, உங்களுக்குத் திரை வேணுமா வேண்டாமா?" அந்தப் பக்கம் ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது. "நாளைக்குப் பேசறேன்" என்று தேனாகச் சொல்லிவிட்டு வைத்தாள். முப்பத்தாறு திரை போய்விடுமோ என்று பயந்து, மறுநாள் பதினோரு மணிக்கு நானும் தேனாக ஒழுகினேன். "சொல்லுங்கம்மா, உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று என் வாயால் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து அந்த வாக்கியம் என் வாயில் வந்ததே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. துணியோடு வீட்டுக்கு வருபவர்கள் மனைவியிடம், "போன்ல ஒரு சார்கிட்ட பேசினேனே" என்று உளறிவிட்டால்? அதற்கும் வழி செய்தேன். பேசி முடிக்கும்போது ஒவ்வொருவரிடமும், "வீட்டுல கேட்டா, வெப்சைட்டைப் பார்த்துதான் வந்தோம், யார்கிட்டயும் பேசலைன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவைத்தேன். எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை நான்.

மூன்றாவது வாரத்தில் கேள்விகள் மனதில் நிற்காமல் போனதால் ஒரு அட்டையில் பதில்களை எழுதி, வாஷிங் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். கடை நேரம், வழி, விலை, அளவெடுக்கும் விதம், என்னென்ன செய்வோம், என்னென்ன செய்ய மாட்டோம். தோல் பை ஜிப்பைச் சிவப்பில் கட்டம் போட்டேன். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு வரி. மைத்துனன் பக்கம் எழுத்துக்கு எழுத்து என் பால்கனிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஓடுகிற நூல்கண்டு மட்டும்தான் இல்லை. அதற்குப் பதிலாக நான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் மனசாட்சி லேசாகக் கிள்ளியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன் அடித்ததால் மேற்கொண்டு கிள்ள அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

சங்கக் கூட்டத்து நாள் வந்தது. அரங்கில் எண்பது பேர். பெரிய திரையில் என் பக்கம், வெள்ளை வெளேரென்று. சங்கத் தலைவர் புரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தார். அதைவிடப் பெரிய பாராட்டு ஏது? நான் மைக்கைப் பிடித்தேன்.

"நண்பர்களே, நல்ல பக்கம் சத்தம் போடாது. அது அமைதியாக இருக்கும். பயன்படுத்துபவர் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டிய அவசியமே..."

என் போன் அடித்தது. மணியைப் பார்த்தேன். பதினோரு மணி. எடுக்காவிட்டால் முப்பத்தாறு திரை போச்சு. மாதம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. எடுத்தேன். மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

"சொல்லுங்கம்மா, உங்களுக்கு எப்படி உதவட்டும்? ... இல்லம்மா, திரையைத் தண்ணியில நனைச்சு, காயவச்சு, அப்புறம் அளவெடுக்கணும். புதுத் துணி சுருங்கும். ... ஆமாம்மா, மேல கம்பியிலிருந்து தரை வரைக்கும். ... ஜிப்பா? தோல் பைன்னா மாட்டோம்மா. ... பஸ் நிறுத்தத்துல இறங்கி, மருந்துக் கடையைத் தாண்டி, மூணாவது வாசல். ... ரொம்ப சந்தோஷம்மா, வச்சிடட்டுமா?"

முதல் வரிசையில் ஒருவர் மெதுவாகக் கை தட்டினார். அடுத்தவர் தட்டினார். பிறகு எண்பது பேரும். தலைவர் மேடைக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பட்டனுக்குப் பின்னால ஒரு மனுஷனே இருக்கார்! இதைத்தான் நேரடி விளக்கம்னு சொல்லணும்!" அவர்கள் அப்படி நினைத்துவிட்ட பிறகு திருத்துவது நாகரிகமில்லை. கைதட்டலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

மாதம் முடிந்தது. அன்று மாலை மனைவியை உட்காரவைத்துப் பட்டியலைத் திறந்தேன். மைத்துனன் பக்கத்தில் மாதத்துக்கு நாற்பது ஆர்டர். என் பக்கத்தில் எழுபத்துமூன்று.

"உனக்கு எத்தனை போன் வந்துச்சு?"

"ஒண்ணுகூட வரலை."

"இப்ப என்ன சொல்றே?"

"நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றாள்.

எழுந்தாள். மெஷினைத் தூக்கி அறையின் உள்பக்கத்துச் சுவர் ஓரமாக வைத்தாள். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, கடைசியாக அந்த ஊசிப் பஞ்சு. ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தும் விட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. வெறும் மேஜை. வெற்றிடம். முழங்கையை நன்றாக விரித்துப் பார்த்தேன், எதுவும் இடிக்கவில்லை.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள்.

"ரொம்ப."

"அப்ப இதையும் வச்சுக்கோங்க." பால்கனிச் சுவரிலிருந்த அட்டையைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேராக ஜன்னல் சட்டத்தில் ஒட்டினாள். அதன் பக்கத்தில் ஆர்டர் நோட்டை வைத்தாள். அதன் மேல் ஒரு பேனா.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "இது... எப்ப... உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க பக்கத்தைத் திறந்த அன்னிக்கே. ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கலாம்னு என் போன்ல பட்டனை அமுக்கினேன். பாத்தா, மேல உங்க பேர் வருது. அடிக்கறதுக்குள்ள வச்சுட்டேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா மாத்திடுவீங்களே. ரெண்டு வருஷமா போன் எடுக்க ஒரு ஆள் தேடிட்டு இருக்கேன். ஆள் தானா வந்து பால்கனியில நின்னுக்கிட்டா விடுவேனா? அதுவும் வர்றவங்க ஒவ்வொருத்தரும் வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே, 'வெப்சைட்டைப் பார்த்துதான் வந்தோம், யார்கிட்டயும் பேசலை'ங்கறாங்க. நான் கேக்கவே இல்லை."

நான் அசடு வழிந்தேன். வழிந்ததைத் துடைப்பதற்குள் அவள் ஒரு தாளை நீட்டினாள். "இது உங்களுக்கு. இன்னிக்குத்தான் வந்துச்சு."

அழகான கையெழுத்தில் நாள்வாரியாகக் குறிப்புகள். 'முதல் நாள்: தடுமாற்றம். மூன்றாம் நாள்: ஜிப் பற்றிய அறிவு தெளிவு. ஒன்பதாம் நாள்: குரலை உயர்த்தினார், கண்டிக்கப்பட வேண்டியது. பத்தாம் நாள்: வியக்கத்தக்க முன்னேற்றம். இருபத்தேழாம் நாள்: கூட்டத்துக்கு நடுவிலும் பொறுமை இழக்கவில்லை, மிக நன்று. மொத்தம்: நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.' கீழே அவள் பள்ளித்தோழியின் கையெழுத்து.

"அப்ப அந்த முப்பத்தாறு திரை?"

"அவ வீட்டுல ஜன்னலே மூணுதான்."

வேறு யாராவது என் இடத்தில் இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். நான் மீண்டும் ஒருமுறை படித்தேன். தொண்ணூற்றிரண்டு! பள்ளிக்கூடத்தில்கூட நான் இந்த மதிப்பெண்ணைப் பார்த்ததில்லை. "எட்டு மார்க் எதுல போச்சு?" என்று கேட்டேன்.

"துணி காயப்போடறதுல. தலைகீழாப் போடறீங்களாம். அது மட்டும் நான் சொன்னது."

பந்தயத்தில் நான் ஜெயித்தேன் என்பதில் சந்தேகமில்லை. துண்டுத் துணியில் எழுத்து மூலமாக இருக்கிறது. மேஜை என்னுடையது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அதில் நான் மட்டும்தான் உட்கார்கிறேன். வேறு யாரும் உட்காரக் கூடாது என்று மனைவியே உத்தரவு போட்டிருக்கிறாள். என் பக்கத்தை யாரும் தொடவில்லை. அதே வெள்ளை, அதே இரண்டு சொல், அதே ஒரு பட்டன். சங்கத் தலைவர் அதைப் பல பேருக்குக் காட்டி வியக்கிறாராம். என் சொந்த வேலையை எப்போது செய்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். ஃபிரிட்ஜ் பக்கத்து மடக்குப் பலகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஆறு மணிக்கு மேல் எனக்காக.

நேற்று ஒரு பெரியவர் கையில் பேன்ட்டோடு உள்ளே வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தார். "உங்க கடை வெப்சைட் ரொம்ப நல்லா இருக்கும், எதைக் கேட்டாலும் சொல்லும்னாங்களே. அது எங்கம்மா இருக்கு?" என்றார்.

என் மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதோ, ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கு பாருங்க. இப்ப டீ குடிக்குது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேளுங்க, சொல்லும்."